கனவான்களும் கட்டை மோளமும்

சத்தத்திலும் ஜாதி உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் ஒரு நாள் படப்பைக்கு வந்து என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். காப்பி தருகிறேன்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலை எங்கள் ஊரை நட்ட நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது. பொழுது விடிவதற்கு முன்பே ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள் ஆரம்பித்துவிடும். பிறகு கன்டெய்னர் லாரிகள். பிறகு புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்து போகும் நீள வண்டிகள். இவை போடும் ஹாரனில் சுவர்க் கடிகாரம் ஆடும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழும். இதற்காக எங்கள் காலனிக் கனவான்களில் ஒருவராவது முகம் சுளித்து நான் கண்டதில்லை. முகம் சுளிப்பதாவது! "ஏரியா டெவலப் ஆகுது சார்!" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற ஆனந்தம், நல்ல தோடி ஆலாபனை கேட்பவர் முகத்தில்கூடத் தெரியாது. கிரவுண்டு விலை ஏறுகிறதல்லவா? விலையை ஏற்றுகிற சத்தம் எல்லாம் இன்னிசைதான்.

ஆனால், ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு சாவு ஊர்வலம் புறப்பட்டு, அதன் முன்னால் சட்டியும் கட்டை மோளமும் முழங்கிக்கொண்டு வரட்டும். ஜன்னல்கள் படார் படார் என்று சாத்தப்படும். பத்து நிமிஷத்தில் கடந்து போகிற சத்தம் அது. லாரிச் சத்தமோ இருபத்து நாலு மணி நேரமும். இருந்தாலும் 'நியூஸென்ஸ்' என்ற பட்டம் லாரிக்குக் கிடைப்பதில்லை, மோளத்துக்குத்தான் கிடைக்கிறது.

இந்த ஜன்னல் சாத்துகிற சுபாவத்தோடு எனக்கு வெகு நாளாக ஒரு சண்டை. அதைப் பகிரங்கமாகப் போட்டுத் தீர்த்துவிடுவது என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன். முதலில், சண்டைக்கு எனக்குத் தைரியம் கொடுத்த ஒரு பாட்டுக் கோஷ்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

'மெட்ராஸ்', 'கபாலி' முதலிய படங்களை எடுத்த டைரக்டர் பா. ரஞ்சித், 2017-ஆம் வருஷத்தில் தம்முடைய நீலம் பண்பாட்டு மையத்தின் சார்பில் ஒரு காரியத்தில் இறங்கினார். மேல்நாட்டு ராக் சங்கீதத்தில் ஊறியவரும், 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற நிறுவனத்தை நடத்தியவருமான டென்மா அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் கானா பாடுகிறவர்களையும், பறை, சட்டி, கட்டை மோளம் வாசிக்கிறவர்களையும் தேடிப் போனார்கள். இன்னொரு பக்கம் கிட்டார், டிரம்ஸ், ராப் பாட்டு என்று இங்கிலீஷ் வாசனை பட்ட இளைஞர்களையும் பிடித்தார்கள். கேட்டுப் பார்த்துப் பொறுக்கி எடுத்ததில் மொத்தம் 19 பேர் தேறினார்கள். கோஷ்டிக்கு வைத்த பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பெயர்தான் இங்கிலீஷ், விஷயம் சுத்தத் தமிழ். நூறு வருஷத்துக்கு முன்னால் ராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' பத்திரிகை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் சாதிபேதமற்ற தமிழர் என்று பேசினாரே, அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

கானா என்றால் என்ன என்று என் வாசகிகளில் சிலர் கேட்கக்கூடும். சினிமாவில் கேட்டிருப்பீர்கள், அது கானா அல்ல, கானாவுக்குப் பவுடர் பூசியது. அசல் கானா வடசென்னையில், துறைமுகத்திலும் ஆலைகளிலும் கூலி வேலை பார்த்த ஜனங்கள் நடுவே வளர்ந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிரேதத்தை எடுக்கும் வரையில் ராத்திரி முழுவதும் உட்கார்ந்து பாடுவார்கள். இறந்தவன் யார், எங்கே பிறந்தான், யாரைக் காதலித்தான், எவனிடம் கடன் வாங்கினான் எல்லாம் பாட்டில் வரும். அழுகை வரும், நடுவிலே சிரிப்பும் வரும். கவர்னருக்குப் பத்திரிகைகள் எழுதும் இரங்கல் கட்டுரையைவிட, ஒரு மூட்டை தூக்கிக்குக் கிடைக்கும் இந்தச் சரித்திரம் எவ்வளவோ உண்மையானது என்பது என் அபிப்பிராயம்.

2018-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 6-ஆம் தேதி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் இந்தக் கோஷ்டியின் முதல் கச்சேரி. ஆயிரக்கணக்கில் ஜனங்கள். மேடைக்கு வந்தவர்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்தார்கள். சட்டி அடிக்கிறவனுக்குச் சூட்டா என்று சிரித்தவர்கள் உண்டு. அம்பேத்கர் ஏன் கடைசி வரையில் சூட்டுப் போட்டார் என்பதை யோசித்தவர்கள் சிரிக்கவில்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. அம்பேத்கரைப் பற்றிப் பாடாமல் இருப்பார்களா? ஒரு பக்கம் மின்சாரக் கிட்டார் அலற, இன்னொரு பக்கம் கட்டை மோளம் அதை விரட்ட, நடுவிலே பத்தொன்பது பேரில் ஒரே பெண்ணான இசைவாணி நின்று பாடினார். ஆண்களின் சொத்தாகவே இருந்துவந்த கானாவை ஒரு பெண் எடுத்துக்கொண்டார். 2020-இல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த உலகத்தின் நூறு பெண்மணிகளில் அவர் பெயரும் இருந்தது. கூடப் பாடிய அறிவு என்ற இளைஞரின் 'என்ஜாய் எஞ்சாமி' 2021-இல் வெளிவந்து, தமிழ் தெரியாத தேசங்களிலெல்லாம் முழங்கியது. 2020 டிசம்பரில் நீலம் மையம் 'மார்கழியில் மக்களிசை' என்று விழாவே ஆரம்பித்துவிட்டது. மார்கழி மாதத்துக்கு ஏகபோகப் பட்டா வைத்திருந்தவர்கள் சற்றுத் திடுக்கிட்டார்கள் என்று கேள்வி.

இனி சண்டை.

"இது சங்கீதம் இல்லை, இரைச்சல்" என்பது முதல் குற்றச்சாட்டு. இதற்குப் பதில் சொல்ல என்னோடு கொஞ்சம் இங்கிலாந்து வரையில் வர வேண்டும்.

பர்மிங்ஹாம் என்ற ஊர், புகையும் இரும்பும் நிறைந்த தொழிற்சாலை ஊர். அதிலே ஆஸ்டன் என்ற ஏழைப் பேட்டை. அங்கே டோனி அயோமி என்று பதினேழு வயசுப் பையன், இரும்புத் தகடு அடிக்கும் பட்டறையில் வேலை. இடது கைப் பழக்கம், கிட்டாரில் பைத்தியம். வேலையை விட்டுப் போகிற கடைசி நாளில் இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை வாங்கிவிட்டது. கிட்டாரின் தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பையன் இடிந்து போனான். பட்டறை மேலாளர் ஒரு கிராமபோன் தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட், தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கியவர். பையன் எழுந்தான். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். மேலே தோலை ஒட்டினான். கனமான தந்தி விரலை அறுத்ததால் மெல்லிய தந்தி போட்டான். பிற்பாடு அதையும் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினான். அதிலிருந்து புறப்பட்டது, பூமிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த நாதம்.

1968-இல் அதே பேட்டைப் பையன்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். பாடகராக வந்த ஆஸி ஆஸ்பர்ன், கசாப்புக் கொட்டகையில் வேலை பார்த்தவர். கோஷ்டிக்குப் 'பிளாக் சப்பாத்' என்று பெயர். ஒரே நாளில் பாடி முடித்த முதல் இசைத் தட்டு 1970 பிப்ரவரி 13-ஆம் தேதி வெளிவந்தது. விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையும் அதில் சேர்த்தி. இரைச்சல் என்றார்கள், ஆபாசம் என்றார்கள், சைத்தான் வேலை என்றும் சொன்னார்கள். தொழிற்சாலைப் பையன்கள் மட்டும் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த வருஷமே வந்த இரண்டாவது தட்டு இங்கிலாந்தில் முதல் இடத்துக்குப் போயிற்று.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2023-இல் பர்மிங்ஹாம் ராயல் பாலே நாட்டியக் குழு, அதே பாட்டுகளுக்குப் பட்டுக் காலணி அணிந்து ஆடிற்று. கனவான்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து ரசித்தார்கள். 2025 ஜூலை 5-இல் அந்த நாலு பேரும், கிழவர்களாகி, ஆஸ்டனிலேயே கால்பந்து மைதானத்தில் கடைசிக் கச்சேரி செய்தார்கள். அந்த மாதம் 22-ஆம் தேதி ஆஸ்பர்ன் காலமானார். பர்மிங்ஹாம் வீதியில் அவருடைய இறுதி ஊர்வலம் போனபோது, முன்னால் பித்தளை வாத்தியக் கோஷ்டி ஒன்று அவருடைய பாட்டையே வாசித்துக்கொண்டு போயிற்று. மேயர் முதற்கொண்டு வந்து நின்றார்.

சாவு மேளம்! நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த வீதியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். ஒரு ஜன்னலும் சாத்தப்படவில்லை.

ஐம்பத்து மூன்று வருஷம் ஆயிற்று, இரைச்சல் சங்கீதமாக. ஒலி மாறவில்லை. கேட்கிறவர்கள்தான் மாறினார்கள். அப்படியானால் 1970-லேயே காதைத் திறந்து வைத்திருந்தால் என்ன நஷ்டமாகியிருக்கும்? இதுதான் நான் கேட்கிற கேள்வி.

இன்னொரு சமாசாரம். எங்கள் காலனியில் ஏழெட்டு வீட்டு வாசலில் புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் பூர்வீகம், பர்மிங்ஹாமுக்குத் தெற்கே சில மைல் தூரத்திலிருக்கும் ரெட்டிச். 1955-இல் சென்னையில் கம்பெனி கண்டு, திருவொற்றியூரில் ஆலை வைத்தார்கள்; 2013-இல் எங்கள் பக்கத்து ஒரகடத்திலும் ஆலை வந்தது. ஆக, பிளாக் சப்பாத் பிறந்த சீமையிலிருந்து கானா வளர்ந்த வடசென்னை வழியாகப் படப்பைக்கு வந்து சேர்ந்த யந்திரம் அது. அது ஏன் விலை போகிறது தெரியுமா? சத்தத்துக்காக! "அந்த டப் டப் சவுண்டுக்காகத்தான் சார் வாங்கினேன்" என்று என் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து அவர் வாங்கிய லயத்தை, ஏரிக்கரைப் பையன் வெறுங்கையால் சட்டியில் தருகிறான். அப்போது ஜன்னலைச் சாத்துகிறார்.

"மேல்நாட்டுக் கிட்டாரையும் நம்முடைய மோளத்தையும் கலப்பது சங்கர ஜாதிச் சங்கீதம்" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். கும்பினிக்காரர்களோடு கப்பலில் வந்த வயலினை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வதற்கு அலாதியான நெஞ்சுரம் வேண்டும். 1940-இல் வானொலி நிலையம் ஹார்மோனியத்தைத் தீட்டு என்று ஒதுக்கிச் சுமார் முப்பது வருஷம் உள்ளே விடவில்லை. 1941-இல் அண்ணாமலை சர்வகலாசாலையில் தமிழில் பாடுங்கள் என்று தீர்மானம் போட்டபோதுகூட, சங்கீதமே கெட்டுப் போகும் என்று பதறிய பெரியவர்கள் இருந்தார்கள். சங்கீதம் கெடவில்லை. பதறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழிசை என்று மார் தட்டுகிறார்கள். பறைக்கு வந்தால், அது யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய வாத்தியமே அல்ல. நிலத்துக்கு நிலம் தெய்வம், உணவு, மரம், பறவை என்று எண்ணிக்கொண்டே வந்த தொல்காப்பியர், பறையையும் அதே வரிசையில்தான் வைத்தார்.

இரண்டாவது குற்றச்சாட்டு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. "பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாட்டுக்கறி, இட ஒதுக்கீடு என்று அரசியலை நுழைக்கிறார்களே!"

அவர்களுடைய பாட்டுகள் எல்லாம் உயர்ந்த பாட்டுகள் என்று நான் சத்தியம் செய்யத் தயாராயில்லை. சில பாட்டுகள் வெறும் கோஷம். மேடையில் கேட்டால் ரத்தம் சூடேறும், வீட்டில் கேட்டால் பாதியில் அலுக்கும். எழுத்துத் தொழிலில் இருப்பவனுக்குக் கோஷத்துக்கும் கவிதைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது. ஆனால் மாட்டைப் பாடக்கூடாது என்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். மிருதங்கத்தின் இரு முகத்திலும் கட்டியிருப்பது என்ன? பசுவின் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல். அதை அறுத்து, உரித்து, பதம் செய்து, கட்டிக் கொடுத்த கைகள் யாருடையவை? டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புஸ்தகமே எழுதிவிட்டார். தோல் மேடையில் உட்காரலாம், தோலைக் கட்டியவன் வாசலோடு சரி, அந்த மாட்டைப் பற்றி அவன் வாய் திறந்தால் அரசியல்! கற்பூர ஆரத்தியோடு நடக்கும் கச்சேரியில் இல்லாத அரசியல், கட்டை மோளத்தில் மட்டும் எப்படி வந்து ஒட்டிக்கொள்கிறது? சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி இசைவாணி 2018-இல் ஒரு பாட்டுப் பாடினார். ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அதைத் தோண்டி எடுத்துப் போலீசில் புகார் கொடுத்தார்கள். பாட்டைப் பிடிக்காதவர் எதிர்ப்பாட்டுப் பாடட்டும். லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய வாதாடிய ஜனங்கள் நாம். எந்தக் கட்சிக்காரரும் எதிர்க்கட்சியைப் பிடித்துக் கொடுக்க இன்ஸ்பெக்டரைத் தேடி ஓடவில்லை.

ஆனாலும், ஜன்னலைச் சாத்துகிறவரை எனக்குப் பாதி பிடிக்கும். அவர் யோக்கியர், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எனக்குப் பயமெல்லாம் அடுத்த ஆளிடம். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, பாட்டை மட்டும் பின்வாசல் வழியாக உள்ளே எடுத்துக்கொள்கிறவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழா. ஏரிக்கரையில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்க்கும் ஆறு பையன்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவனிடம் கிட்டார், மற்றவர்களிடம் டோலக், சட்டி, மோளம். ஒருவனுக்கு இடது கைச் சுண்டு விரல் பாதிதான் இருந்தது. "அரை மணி நேரம் வாசிக்க விடச் சொல்லுங்க ஐயா, காசு வேண்டாம்" என்றார்கள். சங்கத்துக் காரியதரிசியிடம் அழைத்துப் போனேன். மரியாதைக்குரிய மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்ல நாளும் அதுவுமா சாவு மேளம் எதுக்கு சார்?" என்றார். பையன்கள் கேட் அருகே நின்றிருந்தார்கள். அவர் குரலோ கணீரென்ற குரல். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வரவழைத்த மெல்லிசைக் கோஷ்டி மேடை ஏறியது. மூன்றாவது பாட்டே சினிமாக் கானா! தாளக் கருவியின் பொத்தானை அழுத்தினால் அதே கட்டை மோளத்தின் அடி, மின்சாரத்தில் வந்தது. காரியதரிசி மேல்துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினார். நன்றாகவே ஆடினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இடையில் கைதட்டல் அடங்கியபோது, ஏரிக்கரைப் பக்கமிருந்து நிஜ மோளத்தின் ஒலி சன்னமாகக் கேட்டது. பையன்கள் தங்களுக்குத் தாங்களே வாசித்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. சதிர் ஆடியவர்களை இழிவு என்று சொன்னோம். 1930-களில் அதே ஆட்டத்துக்குப் 'பரதநாட்டியம்' என்று பெயரிட்டு, குளிப்பாட்டி, வீட்டுக்குள் அழைத்துக்கொண்டோம். ஆட்டம் வந்தது; அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பெண்கள் வெளியிலேயே நின்றார்கள். கானாவுக்கும் இது நடந்துகொண்டிருக்கிறது என்பதே என் பயம். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படம் ஒன்று போட்டது. 'என்ஜாய் எஞ்சாமி'யும் 'நீயே ஒளி'யும் அடைந்த வெற்றியைக் கொண்டாடுவதற்காக. இரண்டு பாட்டுக்கும் வரிகள் எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம்முடைய பாட்டியின் கதையை நெஞ்சில் வைத்து எழுதியவர். அட்டையில் மற்ற இருவர் இருந்தார்கள், அவர் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், ஊரெல்லாம் கேட்டது, பிறகு அவர் படத்தோடு தனியாக இன்னொரு அட்டை வெளியிட்டார்கள். கேட்பதற்கு ஒரு ரஞ்சித் இருந்தார். ஏரிக்கரைப் பையன்களுக்காக யார் கேட்பார்கள்?

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் செய்த பெரிய காரியம், கிட்டாரையும் மோளத்தையும் கலந்தது அல்ல; அதை எத்தனையோ பேர் செய்யலாம். பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடுகிறவனை வாசலில் நிறுத்தும் வழக்கத்தை ஒரு ராத்திரியாவது முறித்தார்களே, அதுதான். மோளம் அடித்தவர் பின்வரிசை இருட்டில் இல்லை. சூட்டுப் போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில், முன்னால் இருந்தார்.

சபாக்களின் காரியதரிசிகளுக்கு ஒரு விண்ணப்பம். கச்சேரி நோட்டீஸில் வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என்று வரிசையாகப் போட்டு, எதிரே பெயர் அச்சடிக்கிறீர்கள். தம்புரா மீட்டும் பெண்ணின் பெயரைக்கூட இப்போதெல்லாம் விடுவதில்லை, சந்தோஷம். வருகிற மார்கழியில் அந்த வரிசையில் 'கட்டை மோளம்' என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு எதிரே 'குழுவினர்' என்று போட்டு ஒப்பேற்றாமல், ஓர் ஆளின் முழுப் பெயரை இனிஷியலோடு அச்சடியுங்கள். டிக்கெட் என்ன விலையானாலும் படப்பையிலிருந்து பஸ் பிடித்து நான் வருகிறேன்.